சிப்பிக்கு ஆட்சேபணை இல்லை

முத்துநகர் கலைவிழாவுக்கு இந்த வருஷம் ‘அனைவரையும் அரவணைப்போம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். போன வருஷம் ‘பசுமையைக் காப்போம்’. அதற்கு முந்தின வருஷம் சிறுதானியம். இப்போது எங்கே பார்த்தாலும் அரவணைப்புதான் ஓடுகிறது என்பதால் கடற்கரையில் வானவில் வளைவு கட்டி, அதன் கீழே செல்ஃபி எடுக்க இடமும் ஒதுக்கிவிட்டார்கள். அரவணைக்க ஆள்தான் பாக்கி.

அந்தக் குறையைப் போக்கும் பொருட்டு ‘அலைமாறி’ நாடகக்குழுவுக்கு அழைப்பு போயிற்று. குழுவின் தலைவி பேச்சிச்செல்வி திருநங்கை. தூத்துக்குடித் தெருக்களில் ஆடியே கதை சொல்லுகிறவள், ஆடியே நியாயமும் கேட்கிறவள். கதை எழுதுவதும் மேளம் அடிப்பதும் காயல்பட்டினத்து அஸ்கர். பெண் வீட்டார் மாப்பிள்ளை கேட்டு வந்தபோது, ‘எனக்கும் மாப்பிள்ளைதான் வேணும்’ என்று உள்ளதைச் சொல்லிவிட்டு வீட்டை விட்டு வந்தவன்.

இருவரும் சேர்ந்து ‘சிப்பி’ என்று ஒரு நாட்டிய நாடகம் கட்டினார்கள். ஆணாக இருந்த முத்துச்சிப்பி வளர்ந்து பெண்ணாகிறது. கூட இருந்த சிப்பிகள் துரத்துகின்றன. கடைசியில் அது கரையைப் பார்த்து, ‘கடல் என்னைய மாத்திச்சி, ஒனக்கு என்ன நட்டம்? குடியிருக்க எடம் குடு’ என்று கேட்கிறது. குழுவில் ஒருவருக்கும் யாரும் வாடகைக்கு வீடு தருவதில்லை. பட்டா கேட்டுக் கேட்டுக் கால் தேய்ந்தவர்கள் எழுதின வரி அது.

ஆறுமுகநேரியிலிருந்து பேச்சிச்செல்வியின் அம்மா சீனித்தாய் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தாள். வீட்டை விட்டுப் போன பிள்ளை ஆடுவதை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ‘வாரேன்’ என்று அவள் சொன்னதிலிருந்து பேச்சிச்செல்விக்குச் சோறு இறங்கவில்லை.

விழா அனுமதிக் குழுவின் கண்காணிப்பாளர் சிவசுப்பிரமணியன் கதையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இந்த ஊருக்கே முத்துநகர்னுதான் பேரு. அந்த முத்துச்சிப்பியப் பத்தி இப்படி அவதூறா எழுதலாமா?”

“அவதூறு இல்ல சார், அறிவியல்” என்றான் அஸ்கர். “சிப்பி அப்படித்தான் மாறும். மீன்வளம் படிச்சவங்கள்ட்ட கேளுங்க.”

கேட்டார்கள். ‘பெரும்பாலும் இளமையில் ஆணாகவும் முதிர்ச்சியில் பெண்ணாகவும் இருக்கும்’ என்று பதில் வந்தது. சிவசுப்பிரமணியன் ஆடிப்போனார். தம் எல்லைக்கு உட்பட்ட கடலிலேயே இது நடந்துகொண்டிருக்கிறது, தமக்குத் தகவல் இல்லை.

“யார்ட்ட விண்ணப்பிச்சி மாறிச்சி?”

“யார்ட்டயும் இல்ல சார். சும்மா மாறிரும்.”

“மெடிக்கல் போர்டு?”

“கடலுக்குள்ள ஏது சார் போர்டு?”

அனுமதிக் குழு அவசரமாகக் கூடியது. தீர ஆலோசித்துக் கீழ்க்கண்டவாறு முடிவெடுத்தது. சிப்பி இயற்கை வளம். எனவே அது மாறுவதில் அரசுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் மேற்படி கலைஞர் இயற்கை வளம் என்பதற்கு ஆதாரம் ஏதும் கோப்பில் இல்லை.

“சிப்பி மாறலாம்” என்று விளக்கினார் சிவசுப்பிரமணியன். “சிப்பியா நடிக்கவங்க மாறியிருக்கக் கூடாது.”

“ஏன் சார்?” என்று கேட்டாள் பேச்சிச்செல்வி.

“நடிப்புன்னா என்னம்மா? இல்லாதத இருக்க மாதிரி காட்டுதது. நீங்கதான் ஏற்கெனவே மாறியாச்சே! நீங்க மேடையில ஏறி ‘நான் மாறிட்டேன்’னா அது நடிப்பு இல்ல, பிரச்சாரம். பிரச்சாரத்துக்கு வேற பெர்மிஷன்.”

“அப்ப நான் ஆம்பளையா நடிக்கட்டுமா?”

“அது ஆள்மாறாட்டம்.”

நிகழ்ச்சியை ரத்து செய்யவும் வழியில்லை. வானவில் கட்டியாகிவிட்டது, அரவணைக்காமல் விட்டால் கணக்குத் தணிக்கையில் கேள்வி வரும். ஆகவே, முறைப்படி மாறாதவர்களான அலுவலக ஊழியர்களே நடிப்பது என்றும், அலைமாறி குழு பயிற்சி அளிப்பது என்றும் தீர்மானமாயிற்று. சிப்பி வேஷத்தைச் சிவசுப்பிரமணியனே பெரிய மனதுடன் ஏற்றுக்கொண்டார். கடைசி வரியை மட்டும் வெட்டக் கூடாது என்று பேச்சிச்செல்வி கெஞ்சினாள். “ஒரு எழுத்தும் வெட்ட மாட்டோம்” என்று அவர் வாக்குக் கொடுத்தார். அதை நம்பி அவருக்கு இடுப்பு வளைக்கக் கற்றுக் கொடுத்தாள். அவர் அலுவலகத்தில் மட்டும்தான் வளைந்து பழகியவர். சலங்கைக்கு வளைய ரொம்பச் சிரமப்பட்டார்.

விழா அன்று பேச்சிச்செல்வியையும் அஸ்கரையும் முன்வரிசையில் உட்காரவைத்து, சட்டையிலும் சேலையிலும் ‘பயனாளி’ என்று பட்டை குத்திவிட்டார்கள். சீனித்தாய் துணைக்குப் பக்கத்து வீட்டுப் பிரேமாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மகளைப் பார்த்தாள். தலையாட்டினாள். இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

மீசையை மழித்து, பச்சைப் பட்டுடுத்தி, சிவசுப்பிரமணியன் மேடைக்கு வந்தார். சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் நன்றாகவே ஆடினார். சிப்பியைத் துரத்துகிற இடத்தில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். திருநங்கைக்கு வீடு கிடையாது என்று சொல்லி அனுப்பிய வீட்டுக்காரர்கூட எழுந்து நின்று கை தட்டினார். கடைசி வரியும் வந்தது. ஒரு எழுத்தும் வெட்டவில்லை; கூடுதலாகத்தான் சேர்த்திருந்தார்கள். ‘குடியிருக்க எடம் குடு’ என்பது, ‘குடியிருக்க எடம் குடுத்த அரசுக்கு நன்றி’ என்று ஆகியிருந்தது.

அஸ்கர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். அதற்குள் சீனித்தாய் மேடை ஏறிவிட்டாள். சிவசுப்பிரமணியனைக் கட்டிப் பிடித்து, “ஒன்னையப் பெத்தவ குடுத்து வச்சவய்யா” என்று ஓவென்று அழுதாள். கேமராக்கள் ஓடி வந்தன. அரவணைப்பு என்றால் இதுதான் என்று மைக்கில் சொன்னார்கள்.

பேச்சிச்செல்வி எழுந்து மேடைப் படிக்கட்டுக்குப் போனாள். அம்மா இறங்கி வந்ததும் வழியை மறித்தாள்.

“அவரக் கட்டிப் புடிச்சி அழுதியே. என்னையப் பாத்து இப்படி ஒரு நாளாச்சும் அழுதிருக்கியாம்மா?”

சீனித்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஏளா, அவரு விடிஞ்சா சேலைய அவுத்துப் போட்டுட்டு ஆபீஸுக்குப் போயிருவாரு. நீ போவியா?”

குழுவுக்கும் கோப்புக்கும் பதில் சொல்லிப் பழகிய பேச்சிச்செல்விக்கு அந்தக் கேள்வி காதில் நிற்கவில்லை. வேறு ஒன்றுதான் காதில் நின்றது. அம்மா இத்தனை வருஷமாகப் போனில் ஆண்பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி ‘ஏலே’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

“இப்ப என்னைய எப்படிம்மா கூப்ட்ட?”

“ஏளான்னு கூப்டேன். என்ன இப்ப?”

பேச்சிச்செல்விக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “அதுக்கு எந்த ஆபீஸ்ல அனுமதி வாங்குன?” என்று உரக்கக் கேட்டாள்.

சீனித்தாய் சட்டென்று மகளின் கையைப் பிடித்து அழுத்தினாள். “மெதுவாப் பேசு” என்றாள். “பிரேமா காதுல விழுந்துறப் போவுது.”