அதிகாரியின் முகம் என்ன வடிவம்?

அன்பும் மரியாதையும் மிகுந்த அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். தொண்டை மட்டும் கட்டிக்கொண்டுவிட்டது. அத்தானுக்கு முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பதினெட்டு வருஷம் கிடங்கில் பெட்டி அடுக்கியவனை மழலையர் பள்ளியில் ஆசிரியராகச் சேர்த்துவிட்டவள் நீ. அதிகாரி வந்து வகுப்பைப் பார்த்துத் தலையாட்டினால்தான் வேலை நிரந்தரம் என்பதும் உனக்குத் தெரியும். இன்று காலை அவர் வந்துவிட்டார் அக்கா! கையில் நோட்டு, அளவு நாடா. கதவை அளந்தார், ஜன்னலை அளந்தார், குறித்துக்கொண்டார். இவ்வளவு கறாரான ஆளா என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க எதுவும் சொல்ல வேண்டாம் சார், பார்த்தா போதும்" என்று நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். பாடம், வடிவங்கள். பலகையில் வட்டம் போட்டேன், உருளைக்கிழங்காக வந்தது. முக்கோணத்துக்கு நாலு மூலை வந்துவிட்டது. அப்போதுதான் நீ சொன்னது உறைத்தது: "பலகையை விடுடா, பிள்ளைங்க பொருளைத் தொட்டுக் காட்டட்டும்." விட்டேன். இருபது பேரும் சிதறி ஓடினார்கள். கடிகாரம் வட்டம், சாப்பாட்டு டப்பா செவ்வகம்; ஒருத்தன் என் சட்டைக் காலரில் தொங்கி "முக்கோணம்!" என்று கத்தியதில் பட்டன் போயிற்று. சேர்ந்த நாளிலிருந்து ஒரு சொல்கூடப் பேசாத பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று எழுதியிருந்தேனே, அவள் மெல்ல நடந்துபோய் அதிகாரியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இது வட்டம் இல்ல. முட்டை" என்றாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. அவரோ குனிந்து வழுக்கையைக் காட்டி, "அப்போ இது?" என்றார். தடவிப் பார்த்து, "இது வட்டம்தான்" என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். போகும்போது, "நல்லா சொல்லிக் குடுக்கறீங்க சார், என் பொண்ணையும் இங்கயே சேர்த்துடறேன்" என்றார். வேலை உறுதி அக்கா! எல்லாம் உன்னால்தான். இதற்கு என்ன செய்து நான் நன்றிக்கடன் தீர்ப்பேன்?

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். நீ ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னால் ஆளான தம்பி

பி.கு.: வகுப்பிலேயே உட்கார்ந்து உறையை ஒட்டும் நேரத்தில் தலைமையாசிரியை வந்தார். "ஜன்னலுக்குக் கண்ணாடி போட அளவெடுக்க வந்தவரை ஏன் சார் ஒரு மணி நேரம் உட்கார வெச்சீங்க? அதிகாரி நாளைக்குத்தான் வர்றார்" என்கிறார். காலையில் பேசத் தொடங்கிய அந்தச் சின்னப்பெண் நிறுத்துகிறாளா? என் கையைப் பிடித்து இழுத்துக் கேட்கிறாள்: "நாளைக்கு வர்றவருக்கு என்ன தலை, சார்?"