மேனேஜர் உதைக்கவில்லை

சின்னச் சுத்தியலால் ஐந்தாவது தடவையாக முழங்காலில் தட்டிப் பார்த்தாள் புது டாக்டர். கால் உதைக்கவில்லை.

மேசையில் ஒருக்களித்துக் கிடந்தது உடம்பு நீண்டு கால் குட்டையான நாய். ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்தபடியே எல்லோரையும் பார்த்துக் குரைப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தார், அதை வளர்த்து இந்தக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருந்த தையல்காரர். காலையிலிருந்து பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு திரிந்தவன், இப்போது அதையும் விட்டுவிட்டான்.

"எந்த இடத்துல நரம்பு கெட்டிருக்குன்னு நீயே கண்டுபிடி. ஆபரேஷன் முடிச்சு நான் வர்றப்ப பதில் இருக்கணும். இல்லேன்னா வேற வேலை பாத்துக்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருந்தார் பெரிய டாக்டர். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. போன வாரம்தான் அவள் ஓர் ஆண் பூனைக்குப் பிரசவ நாள் குறித்துக் கொடுத்திருந்தாள்.

"இடுப்புலதாங்க கோளாறு," என்றாள் தையல்காரரிடம். "முழங்கால்ல தட்டினா கால் உதைக்கணும். அந்த உதை இடுப்புக்கிட்ட தண்டுவடத்துல இருந்துதான் கிளம்புது."

"நிச்சயமாத் தெரியுங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். "எதுக்கும் இன்னொண்ணு பாத்துடுறேன்," என்றாள்.

முதுகுத் தோலை வாலிலிருந்து தலைப்பக்கமாக இடுக்கியால் கிள்ளிக்கொண்டே வந்தாள். எதுவரை தோல் துடிக்கவில்லையோ, அதற்குச் சற்று மேலேதான் கோளாறு. நெஞ்சுக்கூட்டுக்கு நடுவில்தான் முதல் துடிப்பு தெரிந்தது. அடையாளம் வைக்கப் பார்த்தால் மயிரில் மை ஒட்டவில்லை. அந்த இடத்தைச் சிரைத்துக் குறித்தாள். சரிபார்க்க மறுபடி கிள்ளினால், துடிப்பு நாலு விரற்கடை மேலே ஏறியிருந்தது. அங்கேயும் சிரைத்தாள்.

"ஏம்மா, நரம்பு பாக்குறீங்களா, முடி வெட்டுறீங்களா?"

"கோளாறு நெஞ்சுலங்க."

"அப்ப இடுப்பு நல்லா இருக்கா?"

"இல்லீங்க. அதுவும்தான்."

முன்னங்கால் விரலைக் கிள்ளினாள். சற்றுமுன் வெடுக்கென்று இழுத்துக்கொண்ட காலை, இப்போது 'எடுத்துக்கொள்' என்று விட்டுவிட்டான் மேனேஜர்.

"கழுத்துலயும் இருக்கும்போல..."

தையல்காரர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "நான் தூக்கிட்டு வர்றப்ப பின்கால் மட்டும்தாம்மா போயிருந்துச்சு. நீங்க தட்டத் தட்ட ஒவ்வொண்ணாப் போகுது. அளவெடுக்கறேன்னு துணியையே தொலைச்ச கதையால்ல இருக்கு!"

அவள் நாயின் காதருகே குனிந்தாள். "மேனேஜர் சார், ஒரே ஒரு உதை. என் மூக்குலயே உதைங்க."

மேனேஜர் கண்ணை மட்டும் உருட்டினான்.

பெரிய டாக்டர் கையுறையைக் கழற்றியபடி வந்தார். "எங்கம்மா கோளாறு?"

"எல்லா இடத்துலயும் சார்."

முறைத்தபடி சுத்தியலைப் பிடுங்கித் தட்டினார். கிள்ளினார். கால் விரலை இடுக்கியால் நெரித்தார். நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் முகம் இறங்கியது.

"இந்தப் பொண்ணு சொல்றது சரிதான்," என்றார்.

இங்கே சேர்ந்த நாளிலிருந்து அவர் வாயால் அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அது நாயின் தலையில் போய் விடிந்தது.

"தண்டுவடம் முழுக்கப் போயிடுச்சுங்க. இனி தேறாது. கஷ்டப்படுத்தாம ஒரு ஊசி போட்டு அனுப்பிடலாம்."

தையல்காரர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரைத்த முதுகைத் தடவினார். நாயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "போடுங்க. என் மடியிலயே போகட்டும்."

அவள் ஊசியில் மருந்தை ஏற்றினாள். குத்துவதற்காக முன்னங்காலிலும் ஓர் இடத்தைச் சிரைத்தாள்.

அப்போது தையல்காரரின் போன் அடித்தது. வீட்டிலிருந்து மாமனார். மடியில் நாய் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். அறை முழுக்கக் கேட்டது கிழவரின் கத்தல்:

"மாப்ள, என் முதுகுப்பிடிப்பு மாத்திரையையெல்லாம் முழுங்கிட்டு வெறும் அட்டையை உன் நாய் மென்னு துப்பியிருக்கு! ஒண்ணு போட்டாலே எனக்கு அரை நாள் கை காலெல்லாம் துணி மாதிரி தொங்கும், அந்தப் பாவி எனக்குன்னு ஒண்ணுகூட மிச்சம் வைக்கலியே!"