குகைக்குள் போன தாம்பூல வண்டி

கையில் பசையும் மண்டையில் ஒரு திட்டமும் இருக்கிற ஆண்பிள்ளைக்கு யாரும் புத்தி சொல்லக் கூடாது. சொன்னால் காதில் விழாது. விழுந்தாலும், பசை காய்வதற்குள் மறந்துவிடும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். புதுசாகக் கல்யாணம் ஆனவன். மனைவி சரோஜாவுக்குச் சொந்த ஊர் திண்டிவனம். ஜங்ஷனில் இன்ஜின் ஊதும் சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும். அது கேட்கிற போதெல்லாம் அவள் கரண்டியை நிறுத்திவிட்டு, "எங்க ஊரு வண்டி" என்பாள். (தெற்கே போகிற வண்டியாக இருந்தாலும் அவளுக்கு அது திண்டிவனம் வண்டிதான்.)

அந்தச் சமயத்தில் மதராஸ் போய்வந்த நண்பர் ஒருவர் எனக்கு ஒரு பொம்மை ரயில் வாங்கி வந்தார். சாவி கொடுத்தால் ஓடும் தகர இன்ஜின், இரண்டு பெட்டிகள், மேல்மூடி இல்லாத ஒரு சரக்கு வேகன், கொஞ்சம் தண்டவாளம். வேறு யாராவது என்றால் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பரணில் போட்டிருப்பார்கள். நான் கலைஞன் அல்லவா? விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரையுள்ள லைன் முழுவதையும் கூடத்திலேயே கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"சரோஜா, இனிமே உனக்கு அம்மா வீட்டு ஞாபகம் வந்தா சாவி கொடு. திண்டிவனம் போய்ச் சேர்ந்துடலாம்" என்றேன்.

"நெஜ வண்டில ஒரு டிக்கெட் எடுத்துக் குடுத்தா போதாதா?" என்றாள்.

கலையின் அருமை தெரியாதவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

பழைய கதவுகளைப் பெஞ்சுகளின் மேல் போட்டு மேடை அமைத்தேன். கிடைத்த தண்டவாளம் போதவில்லை. மீதியை மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி வளைத்து நானே செய்தேன். மூங்கில் சிம்புகள் சிலீப்பர் கட்டைகள் ஆயின. பீர்க்கங்காய் நாரைப் பச்சைச் சாயத்தில் முக்கினால் அசல் புளியமரம். விளக்குமாற்றுக் குச்சியின் நுனியில் பச்சைக் காகிதத்தைக் கத்தரித்து ஒட்டினால் பனைமரம். திண்டிவனம் ஏரிக்கு என்ன செய்வது என்று யோசித்து, சரோஜா சீதனமாகக் கொண்டுவந்த நிலைக்கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றிப் படுக்க வைத்துவிட்டேன். அதன்பிறகு அவள் தினமும் காலையில் ஏரிக்கரையில் குனிந்துதான் பொட்டு வைத்துக்கொண்டாள். அந்தக் காட்சி எனக்கு மிகவும் கவித்துவமாக இருந்தது. அவளுக்கு இடுப்பு வலித்ததாம்.

தண்டவாளத்துக்கு இரு பக்கமும் ஜல்லி வேண்டும். நிஜக் கல்லை ஒட்டிப் பார்த்தேன். அளவு பெரிதாகத் தெரிந்தது. எனவே மைதாப் பசையைத் தடவி, அதன்மேல் கேப்பையைத் தூவினேன். அற்புதம்! சற்றுத் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அசல் ரயில்வே ஜல்லி. மலையடிவாரத்துப் பாறைகளுக்கு மாமனார் அனுப்பிய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. (அவருக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை வியாபாரம்.)

மலை என்றேன் அல்லவா? மயிலத்துக்கு ஒரு மலை வைத்தேன். பழைய செய்தித்தாளை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டுக்கல்லில் ஆட்டிய கூழால் செய்த மலை. (அதற்குப் பிறகு சில நாட்கள் எங்கள் வீட்டு தோசையில் அச்சு மை வாசனை வந்தது உண்மைதான்.) மலை இருந்தால் குகை வேண்டாமா? மலையைத் துளைத்து ஒரு குகையும் வைத்தேன். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் ரயில் எந்தக் குகைக்குள்ளும் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். அது ரயில்வேயின் குறை.

சில நாட்களில் ஜல்லி குறைய ஆரம்பித்தது. காலையில் எழுந்து பார்த்தால் பேரணி ஸ்டேஷன் பக்கம் வழுக்கையாக இருக்கும்.

"எலி வந்துக்கினு இருக்குது. இதையெல்லாம் எடுத்துப் போடுங்க" என்றாள் சரோஜா.

"எலி இல்ல. வண்டி ஓடற அதிர்வுல மண் அரிப்பு. ரயில்வேல இது சகஜம்."

"கேப்பையத் தின்ற மண் அரிப்ப நான் எங்கயும் பாத்ததில்ல."

மறுபடி பசை தடவி, மறுபடி கேப்பை தூவினேன். பராமரிப்பு என்பது தொடர்ந்து செய்ய வேண்டிய வேலை.

இந்த நிலையில்தான் மாமனார் திண்டிவனத்திலிருந்து ஒரு சேதியோடு வந்தார். சரோஜாவின் தங்கை வசந்தாவுக்கு ஒரு வரன். மாப்பிள்ளை ரயில்வேயில் அசிஸ்டென்ட் ஸ்டேஷன் மாஸ்டர். அவர்கள் கடலூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். விழுப்புரத்திலேயே பெண் பார்த்துவிட்டால் எல்லோருக்கும் சௌகரியம். எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கூடத்தைப் பார்த்தார். கூடம் என்று ஒன்று இல்லை, விழுப்புரம்தான் இருந்தது.

"மாப்ளே, அன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் இத எடுத்து..."

"மாமா! வர்றவர் யாரு? ரயில்வேக்காரர். இந்த மாதிரி ஒரு வீடு அவருக்குத் தமிழ்நாட்டுல கிடைக்குமா? பாத்த உடனே சரின்னு சொல்லிடுவார்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தாம்பூலத்தைத் தட்டில் வைத்துக் கொடுப்பது பழைய முறை, நம் வீட்டில் அது ரயிலில் வரும் என்றும் சொன்னேன். பெண் வீட்டார் திண்டிவனம். மாப்பிள்ளை வீட்டாரை விழுப்புரம் ஸ்டேஷன் பக்கம் பெஞ்சில் உட்கார வைப்போம். திண்டிவனத்தில் வெற்றிலை பாக்கை வேகனில் ஏற்றினால், ஏரி, பனந்தோப்பு, மலை, குகை எல்லாம் தாண்டி விழுப்புரத்தில் சம்பந்தி கைக்குப் போய்ச் சேரும். சொல்லும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்தது. மாமனாருக்கும் சிலிர்த்தது, காரணம் வேறாக இருக்கலாம்.

அந்த நாளும் வந்தது. மாப்பிள்ளை ஒல்லியாக, சாந்தமாக இருந்தார். அவருடைய அப்பா கையில் குடையுடன், சிரிப்பதில்லை என்று சபதம் எடுத்தவர் போல வந்தார். அம்மா நல்ல வாட்டசாட்டமான அம்மாள், வரும்போதே, "அட, ரயிலு!" என்று சிரித்துக்கொண்டு வந்தார். மூவரையும் பெஞ்சில் உட்கார வைத்தேன். வசந்தா காபித் தட்டோடு சமையலறையில் தயாராக நின்றாள். கதவோரம் சரோஜாவும் மாமியாரும்.

மாப்பிள்ளை மேடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கண்ணில் ஒரு குழந்தைச் சிரிப்பு. பிறகு மரியாதையாகக் கேட்டார்:

"மாஸ்டர், நான் இந்த லைன்ல அடிக்கடி போறவன். மயிலத்துக்கும் பேரணிக்கும் நடுவுல குகை எங்க இருக்குது?"

"இனிமேதான் வெட்டப் போறாங்க" என்றேன்.

"அப்படியா? பேப்பர்ல வந்துதா?" என்றார் அப்பா.

"வரும்."

மாமனார் தொண்டையைக் கனைத்தார். என் காதருகே வந்து, "மாப்ளே, ஜல்தியா தட்டுலயே வெச்சுக் குடுத்துடலாம். பேஜாரு வேணாம்" என்றார்.

"நீங்க சும்மா இருங்க மாமா."

வேகனில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள் கிழங்கு எல்லாவற்றையும் அடுக்கினேன். சாவியைக் கடைசிவரை முறுக்கினேன். வாயாலேயே ஒரு விசில் அடித்தேன். (இன்ஜினில் விசில் கிடையாது.) வண்டி திண்டிவனத்தை விட்டுக் கிளம்பியது. ஏரியில் அதன் நிழல் ஓடியது. பனந்தோப்பைத் தாண்டியது. மாப்பிள்ளையின் அம்மா கைதட்டினார். குடைக்காரரின் மீசைகூட லேசாக அசைந்தது. கடகடவென்று வண்டி குகைக்குள் நுழைந்தது.

உள்ளே 'க்ர்ர்ர்' என்று ஒரு சத்தம். அப்புறம் சத்தமே இல்லை.

எல்லோரும் குகையின் மறுவாயையே பார்த்தோம். வண்டி வரவில்லை.

"சிக்னல் விழல" என்றேன், கொஞ்சமும் கலங்காமல்.

"அதானே! விழுப்புரம் வந்தாலே வெளியில நிறுத்திடுவானுங்க" என்றார் குடைக்காரர். மாப்பிள்ளை பார்வையைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டார், டிபார்ட்மென்ட் விஷயம்.

அப்போது குகையின் வாயில் ஒரு வெற்றிலையின் நுனி தெரிந்தது. அது மெதுவாக, தானாகவே வெளியே நகர்ந்து வந்தது.

"வருது பாரு, வருது பாரு!" என்று பூரித்துப்போனார் மாப்பிள்ளையின் அம்மா. இதுவும் என் ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டார். தாம்பூலத்தை வாங்கிக்கொள்ளப் பக்தியோடு இரு கையையும் நீட்டினார். வெற்றிலை முழுவதும் வெளியே வந்தது. அதன் காம்பைக் கவ்வியபடி, மீசையும் கண்ணுமாக, நன்றாகச் செழித்த ஒரு எலி வந்தது.

அம்மாள் போட்ட கூச்சல் ஜங்ஷன்வரை கேட்டிருக்கும். எலி வெற்றிலையைப் போட்டுவிட்டு மேடையிலிருந்து தரையில் குதித்தது. குடைக்காரர் குடையை ஓங்கி மலைமேல் ஒரு போடு போட்டார். மலை இரண்டாகப் பிளந்தது. உள்ளே கிழிந்த காகிதம், சரோஜா தொலைத்துவிட்டதாகத் தேடிக்கொண்டிருந்த ரவிக்கைத் துணி, என் கேப்பை ஜல்லி, மல்லாட்டைப் பாறை எல்லாம் சேர்த்துக் கட்டிய மெத்தையின் மேல் இளஞ்சிவப்பாக எலிக்குஞ்சுகள். பக்கத்தில் என் இன்ஜின் மல்லாந்து கிடந்து சக்கரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. பின்வாங்கிய மாப்பிள்ளை பனந்தோப்பின் மேல் உட்கார்ந்துவிட்டார். எலி கூடத்தைச் சுற்றி ஓடியது.

அப்போது சமையலறைக் கதவு திறந்தது. தலை குனிந்து, காபித் தட்டோடு, அன்ன நடை நடந்து வர வேண்டிய வசந்தா, சேலையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் முறத்தோடு பாய்ந்து வந்தாள்.

"நவுருங்க! எல்லாம் நவுருங்க! மாமா, வழியில நிக்காதீங்க!"

ஒரே வீச்சு. எலி முறத்துக்கு அடியில். மறு நொடி கையைவிட்டு, வாலைப் பிடித்து அதைத் தலைகீழாகத் தூக்கினாள். கொல்லைப்பக்கம் போய்த் தூர எறிந்துவிட்டு வந்தாள். குஞ்சுகளையும் அள்ளி முறத்தில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோதுதான், தன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எதிரே இருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது போலும். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"காபி ஆறிப்போச்சு. வேற போட்டுக்கினு வரட்டுங்களா?" என்றாள்.

 மாமனார் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார். ஒரு நல்ல சம்பந்தம் என்னால் கெட்டுப்போனது என்று அந்தத் துண்டே சொன்னது. எனக்கும் அந்த ஒரு கணம், வாழ்க்கையில் முதல் தடவையாக, கொஞ்சம் நம்பிக்கை தளர்ந்தது.

பெஞ்சின் மேலிருந்து மாப்பிள்ளையின் அம்மா பேசினார். ஆம், மேலேயிருந்துதான், கூச்சல் போட்ட கையோடு பெஞ்சின் மேல் ஏறி நின்றிருந்தார்.

"எங்க குவாட்டர்ஸ்ல எலி தொல்ல தாங்க முடியல. இவன் எலியப் பாத்தா கட்டில் மேல ஏறுவான். இவங்கப்பா கொடையால அடிச்சு சட்டி பானைய ஒடைப்பாரு. எனக்கு இந்தப் பொண்ணுதான் வேணும். வேற எடம் பாக்கற வேலையே இல்ல."

மாப்பிள்ளை பனைமரங்களைத் தட்டிவிட்டு எழுந்து, வெட்கத்தோடு தலையாட்டினார். வசந்தா ஓரக்கண்ணால் அவரைப் பார்த்துச் சிரித்தாள். மாமனாரின் துண்டு கீழே இறங்கியது. பார்த்தீர்களா, ரயில் வேலை செய்துவிட்டது என்று நான் வாயைத் திறக்கப் போனேன்.

அதற்குள் அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், இப்பவாச்சும் என் கைய விடுங்க" என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். நானும் பெஞ்சின் மேல்தான் நின்றிருந்தேன். எப்போது ஏறினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சம்பந்தியம்மாளின் வலது கையை என் இரண்டு கைகளாலும் மார்போடு சேர்த்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். குடைக்காரர் குடையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறை வாசலில் சரோஜா வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு குலுங்கினாள்.

கல்யாணம் திண்டிவனத்தில் சிறப்பாக நடந்தது. மேடையில் மாப்பிள்ளை வசந்தாவின் கையைப் பிடித்த நேரத்தில், மாமனார் எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்தக் கல்யாணத்துல மொதல்ல கைப்பிடிச்சது எங்க பெரிய மாப்ளதான்" என்றார். பந்தலே சிரித்தது. சிரிப்பதில்லை என்றிருந்த குடைக்காரர்கூடச் சிரித்துவிட்டார். அதை நான் ஒரு சாதனையாகவே கருதுகிறேன். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்திலும் அந்தக் கட்டம் வந்தால் போதும், யாராவது ஒருவர் என்னைத் தேடிப் பிடித்து, "நீங்க கொஞ்சம் தள்ளியே உட்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்.

வருஷங்கள் கழித்து வசந்தா வீட்டுக் கிரகப்பிரவேசம். அவள் மாமியாருக்கு நன்றாக வயதாகிவிட்டது, முழங்கால் வலி. மாடிப்படி ஏற வேண்டும். பேரன்கள் ஓடிவந்து கையை நீட்டினார்கள். அவர் யாரையும் தொடவில்லை.

"வேணாம்பா. மாஸ்டர் எங்க? கூப்புடு அவர. அவரு கைதான் எனக்குப் பழக்கம்."

நான் போய்க் கையைக் கொடுத்தேன். பின்னாலிருந்து சரோஜாவின் குரல் வந்தது:

"மேல போனதும் ஞாபகமா விடச் சொல்லுங்கம்மா. அவரா விட மாட்டாரு."