ஆயுள் காந்தம்

முனகல். அது என் சொல்லாயிற்றே!

வொர்க்ஷாப்பை ஒட்டிய டாக்சி ஸ்டாண்டில், கூட்டத்தின் கடைசியில், கக்கத்தில் பதிவேட்டை இடுக்கிக்கொண்டு நின்றவளின் மனசில் இப்படித்தான் ஓடியது. சக்கரத்து பேரிங் தேய ஆரம்பித்தால் மேஸ்திரி ‘சத்தம்’ என்பார். டிரைவர்கள் ‘ஙொய்ங்குது’ என்பார்கள். ‘முனகல்’ என்று எழுதுகிறவள் அந்த வொர்க்ஷாப்பில் அவள் ஒருத்திதான். முடியாமல் படுத்திருப்பவர்கள் யாரையும் கூப்பிடாமல் முனகிக்கொண்டே கிடப்பார்களே, அந்த நினைப்பில் என்றோ எழுதியது, அப்படியே பழகிவிட்டது. இப்போது அந்தச் சொல், வண்டியின் மூச்சைக் கேட்டுக் குறி சொல்கிற மூச்சு ஐயாவின் வாயிலிருந்து வந்து விழுகிறது.

“முன்பக்கம்... இடது சக்கரம்... முனகல் கேக்குதுப்பா எனக்கு.”

“ஐயோ, ஆமாங்கய்யா!” என்று அலறினார் வண்டிக்காரர். எறும்பு குறுக்கே போனாலும் ஹாரன் அடிப்பவர் என்பதால் அவருக்கு ஹாரன் என்றே பெயர். “ரெண்டு மாசமா எனக்கும் கேக்குதுங்க! எப்படிங்கய்யா கண்டுபிடிச்சீங்க?”

ரெண்டு மாசமாகத் தன் காதிலேயே கேட்கிற சத்தத்தை இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னதும் மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. சுற்றி நின்ற நாற்பது டிரைவர்களும் பெருமூச்சு விட்டார்கள்.

நாற்பது டிரைவர்கள், நாற்பது வெள்ளை செடான்கள். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே மாடல். எதுவும் மூன்று லட்சம் கிலோமீட்டருக்குக் குறைந்து ஓடியதில்லை. புது வண்டி வாங்க எவருக்கும் வக்கில்லை. இந்த வண்டி இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்ற ஒரே கேள்வியைத்தான் நாற்பது பேரும் விடியற்காலையில் சாவி போடும்போது மனசுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். கேள்வி இருக்கிற இடத்துக்குப் பதில் விற்கிறவன் வராமல் இருப்பானா? வந்துவிட்டார், இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை. அதற்குப் பிறகு எல்லாப் புதன்கிழமையும்.

அவர் வந்திறங்கியதும் ஒரு வெள்ளை செடானில்தான். அதன் மீட்டர் ஏழு லட்சத்து நாற்பதாயிரம் காட்டியது. வரிசையில் நின்று ஒவ்வொருவராக உள்ளே தலையை விட்டுப் பார்த்தார்கள். “இன்ஜினை ஒரு தடவகூட தொறந்ததில்லப்பா. ஆயில்கூட மாத்தினதில்ல. காந்தம் காப்பாத்துது” என்றார். காந்தம் என்றால் ஆயுள் காந்தம். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்பு வில்லை. இன்ஜினில் ஒட்டிவிட்டால் வண்டியின் மூச்சு வெளியே போகாதாம். விலை ஒரு நாள் ஓட்டத்து வருமானம். கூடவே ஒரு நிபந்தனை: ஒட்டிய பிறகு இன்ஜினைத் திறக்கக் கூடாது, ஆயில் மாற்றக் கூடாது, பெல்ட்டைத் தொடக் கூடாது. “ரத்தத்தை மாத்திட்டு உறவு கொண்டாட முடியுமாப்பா?”

கேட்டவர்களுக்குப் புல்லரித்தது. வொர்க்ஷாப் மேஸ்திரிக்கு மட்டும் பிழைப்பு படுத்துவிட்டது. இரண்டே மாதத்தில் வண்டி தூக்குகிற அவருடைய லிஃப்டில் சிலந்தி குடியேறிவிட்டது.

நெட்டை டிரைவர்தான் முதல் பலி. ஐயா சொன்னபடி ஆயில் மாற்றாமலே ஓட்டினார். போன வாரம் பாலத்து ஏற்றத்தில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. கட்டி இழுத்து வந்தார்கள். ஐயாவிடம் போய்க் கேட்டார்கள். “ஒட்டும்போது அவன் மனசுல சந்தேகம் இருந்துச்சு” என்றார் ஐயா. அவ்வளவுதான், கூட்டத்துக்கு ஐயா மேல் இருந்த மதிப்பு இரண்டு மடங்காகிவிட்டது. ஓடினால் காந்தம், நின்றால் சந்தேகம். இதைவிடத் தோதான வியாபாரம் உலகத்தில் உண்டா?

இவள் ஒன்பது வருஷமாக அந்த வொர்க்ஷாப்பில் பதிவேடு எழுதுகிறாள். ஒவ்வொரு வண்டியும் வந்து போகும்போது உள்ளங்கை அகலச் சீட்டு ஒன்றில் ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, செய்யவேண்டிய வேலை எல்லாம் எழுதி, டிரைவர் கதவைத் திறந்தால் தெரிகிற கதவுச் சட்டத் தூணின் கீழ்மூலையில் ஒட்டுவாள். அதனால் எல்லாருக்கும் சீட்டக்கா. டிரைவர்கள் அந்தக் கதவை ஒரு நாளைக்கு முப்பது தடவை திறந்து மூடுகிறார்கள். இந்த ஒன்பது வருஷத்தில் ஒருவர்கூடக் குனிந்து படித்து அவள் பார்த்ததில்லை.

ஒருவர் படிக்கிறார் என்பது அந்தப் புதன்கிழமைதான் தெரிந்தது.

ஹாரனுக்குச் சொல்லி முடித்தபோது அவள் இரண்டு வண்டி தள்ளி, தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து பழைய சீட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஐயா அவளுக்குப் பக்கத்துச் செடானுக்கு வந்தார். வழக்கப்படி மீட்டர் மேல் கறுப்புத் துணி போர்த்தப்பட்டது, அவர் பார்க்கவில்லை என்பதற்கு அத்தாட்சியாக. வழக்கப்படி இன்ஜின் அணைக்கப்பட்டது. “ஓடும்போது எவனும் கேப்பான். நிக்கும்போது கேக்கணும்.” பானெட்டில் உள்ளங்கையை வைத்தார். பிறகு, “கதவைத் தொறங்கப்பா, மூச்சு வரட்டும்” என்றார். குந்தி உட்கார்ந்து, தூணில் நெற்றியைச் சாய்த்து, இமைகளைப் பாதி மூடினார்.

மேலே நின்ற நாற்பது பேருக்கும் அவருடைய மூடிய இமைதான் தெரிந்தது. கீழே உட்கார்ந்திருந்தவளுக்கு இமைக்கு அடியில் இருந்த கண்மணிகள் தெரிந்தன. அவை இடமிருந்து வலம் போயின. திரும்பி வந்து, ஒரு வரி இறங்கி, மறுபடி இடமிருந்து வலம் போயின.

“கிளட்ச்... களைச்சுப் போயிருக்கு” என்றார் ஐயா.

களைப்பு என்பதும் அவள் எழுதியதுதான்.

கோபம் வரவேண்டிய இடம். வந்ததும் கோபம்தான். ஆனால் அதன் ஓரத்தில், தான் எழுதியது கேட்டு இத்தனை பேர் உருகுகிறார்களே என்று துளி பெருமையும் எட்டிப் பார்த்தது. அதை நினைத்துத்தான் வெட்கமாக இருந்தது. இதையே நான் வாய் வலிக்கச் சொன்னபோது ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு ஆம்பிளை, கண்ணை மூடிக்கொண்டு, குரலைக் கனமாக்கிச் சொன்னால் அழுகிறார்கள். இந்த ஒன்பது வருஷம் என் எழுத்தில் என்ன குறை? குரல்தான் இல்லையோ?

சாயங்காலம் வீட்டு வாசலில் அவள் கணவன் தன் செடானைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனும் அந்த நாற்பதில் ஒருவன். வண்டி நாலு லட்சத்து இருபதாயிரம் ஓடியிருந்தது. டைமிங் பெல்ட் மாற்றவேண்டிய கெடு இருபதாயிரம் கிலோமீட்டருக்கு முன்பே தாண்டிவிட்டது. அவன் பானெட்டுக்குள் காந்தம் இருந்தது.

“அடுத்த புதன் மத்தியானம் மலைக்குச் சவாரி இருக்குல்ல?” என்றாள்.

“வயசான ஜோடி. போய்ட்டு ரெண்டு நாள்ல திரும்பிடுவேன்.”

“பெல்ட் மாத்திட்டுப் போங்க.”

“ஆரம்பிச்சுட்டியா!”

“ஓடும்போது அறுந்தா இன்ஜின் உள்ளயே மோதி நொறுங்கிடும். ஸ்டீயரிங் கல்லாயிடும், பிரேக் பெடல் இறுகிடும். மலை வளைவுல வண்டி அப்படி நின்னா நீங்களும் இல்ல, பின்னாடி உக்காந்திருக்குற அந்த ரெண்டு பேரும் இல்ல.”

“ஐயா சொல்லிட்டாரு. இன்னும் மூணு லட்சம் இருக்குன்னு.”

“அவரு நான் எழுதின சீட்டைப் பாத்துதான் படிக்கிறாரு. என் கண்ணால பாத்தேன்.”

அவன் துணியைப் பிழிந்தான். அவளைப் பார்க்காமலே சொன்னான்: “நீ எப்பப் பாத்தாலும் மாத்து, மாத்துன்னுதான் எழுதற. அவரு ஒருத்தர்தான் இருக்கும்னு சொல்றாரு.”

பதினொரு வருஷமாக அவன் அந்த இருக்கையில்தான் இருக்கிறான். வண்டிக்கு வயதாவதும் அவனுக்கு வயதாவதும் ஒரே மீட்டரில்தான் ஓடுகிறது. இருக்கும் என்று யாராவது சொல்லவேண்டும் அவனுக்கு. பெண்டாட்டி பெல்ட்டைப் பற்றி மட்டும் பேசினாள்.

மறுநாள் மேஸ்திரியிடம் போனாள். “நெட்டையண்ணன் இன்ஜினை என்னிக்கு இறக்குறீங்க?”

“இறக்கியாச்சும்மா. பெஞ்சு மேல தார்ப்பாய் போத்திக் கிடக்கு.”

“வெளிய யாருக்காவது தெரியுமா?”

“இந்தப் பக்கம் எவன் வர்றான், தெரியறதுக்கு?” என்று மேஸ்திரி லிஃப்டில் இருந்த சிலந்தியைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார்.

அடுத்த புதன்கிழமை காலை, நெட்டையரின் செடானை அவரும் மேஸ்திரியுமாகத் தள்ளிக்கொண்டு வந்து வரிசையில் நிறுத்தினார்கள். முன்பக்கம் பாரமில்லாததால் வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. நாற்பது பேரும் வண்டியே பிழைப்பாக வாழ்கிறவர்கள். ஒருவரும் அந்த மூக்கைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் ஐயாவின் முகத்தில் இருந்தது.

“என்னப்பா, சந்தேகம் போயிடுச்சா?” என்றார் ஐயா.

“நீங்கதாங்க சொல்லணும்” என்றார் நெட்டையர், தலையைக் குனிந்துகொண்டு.

கறுப்புத் துணி வந்தது. பானெட்டில் கை வந்தது. கதவு திறந்தது. ஐயா குந்தி, நெற்றியைச் சாய்த்து, இமையைத் தாழ்த்தினார். சீட்டக்கா பதிவேட்டை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

“ஆகா...” என்றார் ஐயா. “மூச்சு திரும்பிடுச்சுப்பா! இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு. பெல்ட்டு புதுசு. லேசா ஒரு முனகல், அவ்வளவுதான். ஓடும். இன்னும் நாலு லட்சம் ஓடும்!”

கூட்டம் கை தட்டியது. ஹாரன் விசில் அடித்தார்.

“ஒரு நிமிஷங்க” என்றாள் சீட்டக்கா. ஒன்பது வருஷத்தில் கூட்டத்துக்கு நடுவில் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. நேராகப் போய் பானெட்டைத் தூக்கி நிறுத்தினாள்.

உள்ளே தரை தெரிந்தது. தரையில் ஒரு எண்ணெய்த் திட்டு. அதன் மேல் காய்ந்த இலை ஒன்று கிடந்தது.

ஹாரன், தான் பிறந்ததிலிருந்து பேசிய மிக மெல்லிய குரலில் கேட்டார்: “இன்ஜின் எங்க?”

“உள்ள பெஞ்சு மேல படுத்திருக்கு” என்றார் மேஸ்திரி. “மூச்சு மட்டும் இங்க வந்துட்டுப் போயிருக்கும் போல.”

ஐயா சளைக்கவில்லை. “இரும்பு போனாலும் உசுரு போகாதுப்பா. இன்ஜினோட உசுரு இந்தக் கூட்டுலதான்...”

“அந்த உசுருல ஏறி நாலு லட்சம் போங்கய்யா, நாங்க கை காட்டறோம்!” என்றது ஒரு குரல். முதல் சிரிப்பு அங்கிருந்துதான் கிளம்பியது.

“அண்ணே, கொஞ்சம் குனிஞ்சு அந்தத் தூண்ல என்ன ஒட்டியிருக்குன்னு படிங்க” என்றாள் ஹாரனிடம். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். எழுத்துக் கூட்டி, தன் இயல்பான குரலில் படித்தார்: “இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு. பெல்ட் புதுசு. லேசான முனகல்.” தலையைத் தூக்கினார். “இது எப்ப ஒட்டினீங்கக்கா?”

“இதை இன்னிக்குக் காலைல. மத்த வண்டிகள்ல ஒன்பது வருஷமா.”

முப்பத்தொன்பது கதவுகள் படபடவென்று திறந்தன. முப்பத்தொன்பது தலைகள் குனிந்தன. அவரவர் வண்டியில் அவரவர் வியந்து அழுத அருள்வாக்கு, நீல மையில், தேதியோடு இருந்தது.

அந்தச் சந்தடியில் ஐயா தன் ஏழு லட்சத்துச் செடானில் ஏறி உட்காரப் போனார். கதவைத் திறந்தார். மேஸ்திரி பழக்க தோஷத்தில் குனிந்தார்.

“அட, இங்கயும் ஒண்ணு இருக்கே!”

வேறு ஏதோ வொர்க்ஷாப்பின் சீட்டு. போன மாதத் தேதி. ஆயில் மாற்றியது, பெல்ட் மாற்றியது, ஓட்டம் எண்பத்திரண்டாயிரம். வண்டியை விற்கிறதற்காக ஊரே மீட்டரைப் பின்னால் திருப்பும். முன்னால் திருப்பியவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும். அடுத்தவர் சீட்டையெல்லாம் வரி விடாமல் படித்தவர், தன் கதவில் இருந்ததைக் கிழிக்க மறந்துவிட்டார். யாரும் குனிய மாட்டார்கள் என்பதில் அவருக்கு இருந்த நம்பிக்கை அப்படி.

டிரைவர்கள் பிடுங்கி எறிந்த காந்தங்கள் அவர் பானெட்டின் மேல் ஆலங்கட்டியாக விழுந்தன. ஒழுங்காக ஆயில் மாற்றிய வண்டி அல்லவா, ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகி, பறந்துவிட்டது.

பதினொரு மணிக்கு அவள் கணவனின் செடான் லிஃப்டில் ஏறியது. கழற்றிய பெல்ட்டை மேஸ்திரி விரலில் மாட்டித் தூக்கிக் காட்டினார். மூன்று பல் இல்லை. குறுக்கே விரிசல், நகம் நுழைகிற அளவுக்கு. அவன் அதை வாங்கி வெகுநேரம் கையில் வைத்திருந்தான்.

ஆயிலும் மாற்றி, புது பெல்ட் மாட்டி இறக்கியபோது வொர்க்ஷாப் வாசலில் கூட்டம் நின்றது. எல்லாருக்கும் முன்னால் ஹாரன். யாரோ ஐயா உட்காரும் நாற்காலியைக்கூடத் தூக்கி வந்திருந்தார்கள்.

“சீட்டக்கா, இனிமே நீங்கதான்” என்றார் ஹாரன். “அவன் சொன்னதெல்லாம் உங்க வாக்குதானே? புதன்கிழமை புதன்கிழமை நீங்களே கை வெச்சுச் சொல்லிடுங்க. எங்களுக்கு ஒரு தெம்பு.”

“கறுப்புத் துணிகூட இருக்குக்கா, விட்டுட்டுப் போயிட்டான்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர்கள் கேலி செய்யவில்லை. அதுதான் அவளைத் திடுக்கிட வைத்தது. நாற்பது முகமும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்பது வருஷமாக இந்தப் பார்வைக்காகத்தானே ஏங்கினோம்? இதோ, நாற்காலியோடு வந்து நிற்கிறது.

கணவன் பக்கத்தில் வந்தான். “கிளம்பறேன்” என்றான். பிறகு தாழ்ந்த குரலில், “ஒரே ஒரு தடவ பானெட்டுல கை வெச்சு, ஒண்ணும் ஆகாது, ஓடும்னு சொல்லேன். நீ சொன்னா நம்பிடுவேன்.”

அவள் கை தானாகவே பாதி உயர்ந்தது. வைத்தால்தான் என்ன? அவனுக்கு ஒரு நிம்மதி. புது பெல்ட், நல்ல ஆயில், ஓடத்தான் போகிறது. பொய்கூட இல்லை.

உயர்ந்த கையைப் பதிவேட்டின் மேல் இறக்கிக்கொண்டாள்.

“வேண்டாங்க.”

“ஏன்?”

“நீங்க நம்பிடுவீங்க. அதான்.”

டிரைவர் கதவைத் திறந்துவிட்டு, ஒதுங்கி நின்றாள். புதுச் சீட்டில் பசை இன்னும் ஈரமாக இருந்தது. அவன் அவளைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான், பின்னால் நிற்கிறவர்களைப் பார்த்தான். கடைசியில், பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

மற்றவர்கள் இன்னும் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்ஜின் இல்லாத வண்டியைக் கண்டுபிடிப்பது சுலபம், பானெட்டைத் தூக்கினால் போதும். நம்ப ஒரு கையைத் தேடுகிற கண்களுக்கு எதைத் தூக்கிக் காட்டுவது?