சீல் உடைக்காத முயல்

டப்பாவைக் கையில் எடுத்ததுமே டப்பா சாருக்குத் தெரிந்துவிட்டது. கனம் இல்லை.

காதருகே கொண்டுபோய் மெல்ல ஆட்டிப் பார்த்தார். பொடி நிறைந்த டப்பா போட வேண்டிய சத்தத்தை அது போடவில்லை. அது மட்டுமல்ல, மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த காகிதப் பட்டையில், மயிரிழை அகலத்துக்கு ஒரு கீறல்.

சாதாரண டப்பாவா அது? 'சிரிக்கும் முயல் பற்பொடி'. கம்பெனி அந்தப் பொடியை நிறுத்தி ஒரு தலைமுறை ஆகிறது. மூடியில் ஒரு வெள்ளை முயல் முன்னங்காலை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரிய முன்பற்கள் இரண்டும் தெரியச் சிரிக்கும். இந்த உலகத்தில் திறக்கப்படாத ஒரே முயல் டப்பா தன்னிடம்தான் இருக்கிறது என்பது டப்பா சாரின் கட்சி. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற மனிதர்தான். ஆனால் இந்த முயல் விஷயத்தில் அவர் சொன்னது உண்மையாகவே இருந்துவிட்டது.

அவருடைய பின்னறையில் மற்ற சாமான்களுக்கும் குறைவில்லை. பிஸ்கட் டப்பா, பவுடர் டப்பா, பூட் பாலிஷ் டப்பா, இழுத்து மூடிய கம்பெனிகளின் சோப்பு உறைகள், தீப்பெட்டி லேபிள்கள், குண்டு பட்டாற்போல் ஓட்டை விழுந்த ஒரு மண்ணெண்ணெய் விளம்பரப் பலகை. முன்பு அந்த அறையில் கட்டில் போட்டது போக மிச்ச இடத்தில் டப்பாக்கள் இருந்தன. இப்போது டப்பாக்கள் போக மிச்ச இடத்தில் கட்டில், செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது.

மகள் கைக்குழந்தையோடு வருவதாகச் செய்தி வந்ததும் வீட்டம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"பிள்ளையை எங்க படுக்க வைக்கிறது? பிஸ்கட் டப்பாவுலயா? ஞாயித்துக்கிழமை பழைய இரும்புக்காரரை வரச் சொல்லியிருக்கேன்."

"இரும்பா? இதெல்லாம் சரித்திரம்டி!"

"சரித்திரத்துக்கு என்ன விலைன்னு அவர்கிட்டயே கேட்டுக்குங்க."

அந்த நெருக்கடியில்தான் பற்பொடிக் கம்பெனி முதலாளியே போன் செய்தார். கம்பெனியில் ஒரு காட்சிக்கூடம் கட்டியிருக்கிறார்களாம். வைப்பதற்குச் சொந்தச் சரக்கில் ஒரு டப்பாகூட மிச்சமில்லையாம். "சீல் உடைக்காத முயல் டப்பா மட்டும் நிஜமா உங்ககிட்ட இருந்தா, உங்க சாமான் மொத்தத்தையும் கண்ணாடி அலமாரியில வச்சுக் காப்பாத்துறது என் பொறுப்பு சார். நீங்களே வந்து தினம் துடைச்சு வைக்கலாம்."

வீட்டம்மாவும் ஒத்துக்கொண்டார். சீல் உடைக்காதது என்றால் கம்பெனி லாரி. இல்லையென்றால் இரும்புக்காரர் தள்ளுவண்டி.

முதலாளி வருகிற நாள் இன்றுதான். டப்பாதான் கனக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து மச்சினன் தோளில் துண்டோடு குளியலறையிலிருந்து வந்தான். வேலை தேடுவதற்காக அக்கா வீட்டுக்கு வந்தவன். வேலையும் அவனைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும்; இன்னும் இருவரும் சந்திக்கவில்லை.

"என்ன மாமா, காலங்காத்தால முயலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" என்று சிரித்தான்.

டப்பா சார் அவன் பற்களைப் பார்த்தார். பாலில் கழுவி எடுத்தது போல இருந்தன. டப்பாவைப் பார்த்தார். மறுபடி பற்களைப் பார்த்தார்.

"மாப்ளே, நீ எதுல பல்லு தேய்க்கிறே?"

"பேஸ்ட் தீர்ந்துபோச்சு மாமா. அக்காகிட்டக் கேட்டா, சம்பாதிச்சு வாங்கிக்கோங்குது. அதான்…"

"அடப்பாவி! எத்தனை நாளா?"

"மழை பிடிக்கிறதுக்கு முன்னாடியிலேருந்து. ஆனா கண்டபடி திறக்கல மாமா. பிளேடால நாசூக்கா ஒரு கீறல், அவ்வளவுதான். தினமும் இருந்த மாதிரியே மூடிருவேன். நீங்க பொக்கிஷமா வச்சிருக்கிற பொருளாச்சே, அந்த மரியாதைகூட எனக்குத் தெரியாதா?"

டப்பா சார் கட்டிலில் உட்காரப் போனார். கட்டில் செங்குத்தாக நிற்பது நினைவு வந்து, நின்றபடியே இடிந்துபோனார்.

"இதுக்குப்போயி ஏன் மாமா? கனம்தானே வேணும்? நான் பாத்துக்கறேன்."

'நான் பாத்துக்கறேன்' என்று மச்சினன் இதற்கு முன்பும் சொன்னதுண்டு. ஒழுகிய குழாயை அவன் பார்த்துக்கொண்ட பிறகு, வீட்டம்மா ஒரு வாரம் குடை பிடித்துக்கொண்டு சமைத்தார். இருந்தாலும் ஆபத்துக்குப் பாவமில்லை என்று டப்பா சார் அவன் பின்னாலேயே சமையலறைக்குப் போனார்.

முதலில் கோதுமை மாவைப் போட்டார்கள். கனம் சரியாக வந்தது. ஆனால் டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த பழைய பொடி செங்கல் நிறம். மாவு மாவாகவே இருந்தது.

"செங்கல் நிறத்துக்குச் செங்கல்தான் மாமா" என்று மச்சினன் கொல்லைச் சுவரிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்து வந்து மிக்சியில் போட்டான்.

கூடத்திலிருந்து வீட்டம்மாவின் குரல் வந்தது. "என் மிக்சியில என்னடா ஓடுது?"

"மாமாவுக்குப் பல்வலிக்கா. மருந்து அரைக்கிறேன்."

"கல்லு அரைபடுற சத்தம் கேக்குதே!"

"கடுமையான வலிக்கா."

நிறம் வந்தது, வாசனை வரவில்லை. கிராம்பு போட்டார்கள். கிராம்பு தூக்கலாகிவிட்டது. அதை அடக்க உப்பு போட்டார்கள். உப்பைப் போட்டதும் மாவு கட்டி தட்டியது. கட்டியை உடைக்க மச்சினன் அக்காவின் முகப் பவுடரைக் கொட்டினான். கடைசியில் டப்பாவை நிறைத்து மூடியபோது, கல்யாணத்துக்குப் புறப்பட்ட கொத்தனார் போல ஒரு வாசனை அடித்தது.

இனி பட்டை. கீறலுக்குப் பசை தடவினார் டப்பா சார். அவசரத்தில் பசை வழிந்து, பட்டை முழுவதும் நனைந்து தொங்கியது.

"காய வைக்கணும்னா இஸ்திரிப் பெட்டிதான் மாமா."

"சூடு பட்டா பெயின்ட் போயிடுமே மாப்ளே."

"பட்டைக்கு மட்டும் லேசா ஒரு இழுப்பு. நான் பாத்துக்கறேன்."

பட்டை காய்ந்தது. ஓரம் பழுப்பேறி முன்னைவிடப் பழசாகக்கூடத் தெரிந்தது. டப்பா சார் மூச்சு விட்டார். அப்புறம்தான் இஸ்திரிப் பெட்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே முயலின் முன்பல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

முயல் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. ஒற்றைப் பல்லோடு சிரிக்கும் முயலை ஒரு பற்பொடி டப்பாவின் மேல் வைத்துப் பார்த்தால், பொடி வாங்க வந்தவன் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிப் போவான்.

"எழுத்துப் பிழை அழிக்கிற வெள்ளை மை இருக்குல்ல மாமா, உங்க ஆபீஸ் பையில?"

மச்சினன் நாக்கைத் துருத்திக்கொண்டு பல் வைத்தான். இருந்த பல்லைவிடப் புதுப் பல் நீளமாக வந்துவிட்டது. சமப்படுத்த, இருந்த பல்லையும் நீட்டினான். முயல் இப்போது கடிக்க வருகிற தோரணையில் இருந்தபோது, வாசலில் கார் வந்து நின்றது.

முதலாளி இறங்கினார். கூடவே தோல்பையோடு கம்பெனிப் பரிசோதனைக்கூடத்து ரசாயனக்காரர். கடைசியாக, கைத்தடியை ஊன்றிக்கொண்டு முதலாளியின் அம்மா. வீட்டம்மா காபியோடு வந்து நின்றார். பார்வை மட்டும் லாரியா தள்ளுவண்டியா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

முதலாளி டப்பாவை இரண்டு கையாலும் ஏந்தினார். "அடடா! பல்லு என்ன வெண்மை!" என்று தடவினார். கட்டைவிரலில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது.

டப்பா சார் மச்சினனைப் பார்த்தார்.

"அந்தக் காலத்து பெயின்ட் சார்" என்றான் மச்சினன். "அவ்வளவு கெட்டியா அடிச்சிருக்காங்க, இன்னும் காயல."

"அப்பா எதுலயும் குறை வைக்க மாட்டார்" என்று முதலாளி உருகினார். பிறகு ரசாயனக்காரர் பக்கம் திரும்பி, "திறங்க" என்றார்.

"திறக்கறதா!" டப்பா சார் பாய்ந்து வந்தார். "சார், திறந்தா மதிப்பே போயிடும் சார். இது கன்னி டப்பா!"

"திறக்கத்தான் சார் தேடிக்கிட்டிருந்தோம். கலவை ரகசியத்தை அப்பா யார்கிட்டயும் சொல்லாமலே போயிட்டார். அதோட பொடியும் நின்னுபோச்சு. இப்ப நாங்க போடற பேஸ்ட்டை எங்க வீட்டிலேயே யாரும் தொடறதில்ல. உள்ள இருக்கிற பொடிதான் கம்பெனிக்கே உயிர். அந்த ருசி தெரிஞ்சவங்க அம்மா ஒருத்தர்தான். அதான் கூட்டிட்டு வந்தேன்."

பட்டை அறுபட்டது. மூடி திறந்தது. ரசாயனக்காரர் குனிந்து மோந்தார். பலமாக ஒரு தும்மல் போட்டார். சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். கடைவாயில் 'நறுக்' என்றது.

"சார், இதுல ஏதோ கட்டடச் சாமான் மாதிரி…"

"அம்மா சொல்லட்டும்" என்றார் முதலாளி.

அந்த அம்மா ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். அசை போட்டார். தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிடுவது டப்பா சாருக்குக் காதிலேயே கேட்டது.

அம்மா கண்ணைத் திறந்தார். நனைந்திருந்தது.

"இதேதான்" என்றார்.

முதலாளி டப்பா சாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். லாரி நாளைக்கே வரும் என்றார். கண்ணாடி அலமாரி இல்லை, தனி அறையே என்றார். ரசாயனக்காரர் தான் படித்த படிப்பையெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டு, டப்பாவைப் பச்சைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு காருக்குப் போனார். வீட்டம்மா முதல் முறையாகக் கணவரைப் பார்த்து, "இன்னொரு காபி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

டப்பா சாருக்குத்தான் காபி இறங்கவில்லை. நாளைக்கு அந்தச் செங்கல் பொடியை ஊரெல்லாம் வாங்கிப் பல் தேய்க்கப் போகிறது. அந்த அம்மாவைக் கைத்தாங்கலாகக் காருக்கு அழைத்துப் போகும்போது, மனசு கேட்காமல் மெதுவாக ஆரம்பித்தார்.

"அம்மா, தப்பா நினைக்கக் கூடாது. அந்தப் பொடி வந்து… என் மச்சினன் இன்னிக்குக் காலையில…"

அந்த அம்மா நின்றார். வாசற்படியில் பல் பளபளக்கச் சிரித்துக்கொண்டு நின்ற மச்சினனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு டப்பா சாரின் கையைத் தட்டிக்கொடுத்து, மகன் காதில் விழாதபடி சொன்னார்:

"எங்க வீட்டுக்காரருக்கு டப்பா மேல முயல் போட மட்டும்தான்பா தெரியும், உள்ள இருந்ததெல்லாம் வேலை வெட்டி இல்லாம வீட்டோட இருந்த என் தம்பி கலந்தது."