ஊட்டநீரிடம் தோற்ற மூலிகைச் சாறு

மருமகனே! மகளே! இம்மடலைத் தோள்வழியே எட்டிப் படிக்கும் ஆய்வகத் தோழர்களே!

அன்பும் ஐயமும் சரிபாதி கலந்த வணக்கம். உங்கள் நலமறிய அவா. அதனினும் உண்மையறிய அவா.

என் தோட்டத்து மூலிகைச் சாறு நச்சுயிரியைக் கொல்லும் என்று மேடைதோறும் முழங்கியவன் நான். அதை மெய்ப்பிக்கவே இலைகளை நீர் பறித்துச் செல்ல இசைந்தேன். இன்று மாலைக் கூட்டத்தில் வருவோர்க்கெல்லாம் ஆளுக்கொரு குவளை என அறிவித்தும் விட்டேன். இந்த வேளை பார்த்துத் தொலைபேசியில் நீர் உரைத்தது என்ன? "மாமா, வைரஸ் காணாமப் போனது உண்மைதான். ஆனா அதை நாங்க வளர்க்கிறதே உயிருள்ள செல்லுலதான். உங்க சாறு பட்டதும் செல்லே சுருண்டு செத்துப்போச்சு. அப்புறம் வைரஸ் எங்க வளரும்? தயவுசெஞ்சு யாருக்கும் குடுத்துடாதீங்க!"

பகைவன் மடிந்தானா, இல்லையா? மடிந்தான்! பிறகு என் வெற்றியைத் தோல்வி என்று எழுதிய கை எது? நேரில் வந்து கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று பார்த்தேன். எல்லார் கைகளிலும் உறை! குற்றமற்ற கைக்கு உறை எதற்கு? என்னைக் கண்டதும் உம் ஆய்வகத் தலைவி குளிர்பெட்டியை ஏன் பூட்டினார்? ஆய்வுத் தட்டின் பக்கத்துக் குழியில், செல்லுக்கு உணவாகும் வெறும் ஊட்டநீரை ஊற்றி என் சாற்றுக்குப் போட்டியாக நிறுத்தியது எவர் தீட்டிய திட்டம்? கேட்டால், "அந்தக் குழியில செல்லெல்லாம் ஜம்முன்னு இருக்கு மாமா" என்று சிரிக்கிறீர். என் மகளோ, "அப்பா, மைக்கைப் பிடிச்சதோட நிறுத்திக்குங்க, குவளையெல்லாம் பிடிக்காதீங்க" என்கிறாள். பெற்ற மகளையும் விலைக்கு வாங்கிவிட்டதா அந்த ஊட்டநீர்?

மாலைக்குள் என் சாறு வென்றது என்று எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புக! இன்றேல் மேடையிலேயே உம் சதியைத் தோலுரிப்பேன்.

இருவரும் நோயின்றி நீடு வாழ்க.

ஐயம் நீங்கா
மாமனார்

பின்குறிப்பு: மடலை மடிக்கையில் நினைவு வந்தது. என் மூலிகை எதுவென்று உம் வழியாக வெளியே கசிந்துவிடும் என அஞ்சி, நீர் பறிக்க வருமுன் அதன் பெயர்ப்பலகையைப் பிடுங்கி, அதேபோல் இலைவிடும் வேலியோர அழகுச்செடியின் கீழ் நட்டேன். நீர் பறித்தது அதைத்தான். கூட்டப் பரபரப்பில் பலகையை மீட்டு நட மறந்தேன். இதைச் சொன்னதும் உம் மாமியார் சாறு நிறைந்த தவலையைக் காட்டி, "பலகையைப் பார்த்துத்தானேங்க நானும் பறிச்சேன்!" என்று அலறுகிறாள். பதம் பார்க்கிறேன் என்று அதில் முழுக் குவளையை நான் முன்பே குடித்துவிட்டேன். உம் ஆய்வு சரி, ஊட்டநீர் வாழ்க, கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது. மருத்துவரோடு உடனே புறப்படுக! கையுறையைக் கழற்றிக்கொண்டு நிற்க வேண்டாம். அப்படியே வண்டியில் ஏறுக!