நனையாத பையும் நனைந்த நானும்

எங்கள் வீட்டில் எனக்கென்று நான் எதையும் வாங்கிக்கொண்டதில்லை. உடனே என்னைத் தியாகி என்று நினைத்துவிடாதீர்கள். வாங்க விடமாட்டார்கள்.

"நிர்மலா, எனக்கு ஒரு டார்ச் லைட் வேணும்" என்று கேட்டால், "இன்னாத்துக்கு? எந்த வூட்ல கன்னம் வைக்கப் போறீங்க?" என்பாள் என் மனைவி. அதே டார்ச் லைட்டை வாங்கிக்கொண்டு போய், "நிர்மலா, உனக்குத்தான்" என்று நீட்டினால் கதையே வேறு. திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். உதட்டைப் பிதுக்குவாள். "எனக்கு எதுக்குங்க இது? நீங்களே வச்சிக்கோங்க" என்பாள். அவ்வளவுதான். டார்ச் லைட் என்னுடையது. அதுவும் அவள் கையாலேயே கொடுத்தது. திட்டு கிடையாது, விசாரணை கிடையாது.

இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து என் வாழ்க்கை சுகமாகிவிட்டது. சாய்வு நாற்காலி, ஃபிளாஸ்க், காதில் மாட்டிப் பாட்டுக் கேட்கும் கருவி, எல்லாமே நான் அவளுக்காக ஆசை ஆசையாய் வாங்கி, அவள் வேண்டாமென்று தள்ளி, நான் வேறு வழியில்லாமல் ஏற்றுக்கொண்டவை. கள்ளக்குறிச்சியில் பம்புசெட் சாமான் கடை அறிவுச்செல்வன் என்றால் சும்மாவா? பேரிலேயே அறிவு இருக்கிறது.

அந்த அறிவு, பை விஷயத்தில் காலை வாரிவிட்டது.

எனக்குக் கேமரா பைத்தியம். ஐப்பசி மழைக்குக் கல்வராயன் மலையில் மேகம் இறங்கிவந்து ரோட்டிலேயே உட்கார்ந்துகொள்ளும். வெள்ளிமலையிலிருந்து இறங்குகிற பஸ் அந்த மேகத்துக்குள்ளிருந்து விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக வெளியே வரும். அந்த ஒரு படத்தை எடுத்துவிட்டால் போதும், பிறந்த பயனை அடைந்துவிடுவேன் என்று இருந்தேன். போன வருஷம் போகவும் செய்தேன். கேமராவை யார் கல்யாணத்திலோ கொடுத்த தாம்பூலப் பையில் போட்டு, அதை உரச்சாக்கில் சுருட்டி, வாயைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி அனுப்பினாள் நிர்மலா.

"ஒரு சொட்டு இறங்காது, போய்ட்டு வாங்க."

இறங்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் பஸ் வந்தபோது நான் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். முடிச்சு அவிழ்ந்து நான் நிமிர்ந்தபோது அந்த பஸ் கச்சிராயபாளையம் போய் டிரைவர் டீ குடித்திருப்பார்.

அன்று முடிவு செய்தேன். மழைக்குத் தாங்கும் பை வேண்டும். தோளில் குறுக்காக மாட்ட வேண்டும். ஓர் இழு இழுத்தால் முதுகிலிருந்து வயிற்றுப் பக்கம் வர வேண்டும். ஜிப்பைத் திறந்த கையோடு கேமரா கையில் இருக்க வேண்டும். அடுத்த ஐப்பசிக்கு பஸ் தப்பாது.

பை பார்ப்பது பெண் பார்ப்பதைவிடக் கஷ்டமான வேலை. நிர்மலாவை நான் ஒரே ஒரு தடவை பார்த்து, கேசரி தீர்வதற்குள் முடிவு செய்துவிட்டேன். பைக்கு மாசக்கணக்கில் வீடியோ பார்த்தேன். ஒருத்தர் பையை ஷவருக்கு அடியில் வைக்கிறார். இன்னொருத்தர் அதன்மேல் ஏறி நிற்கிறார். ஒருத்தர் அதை மாட்டிக்கொண்டு பனிமலையில் உருளுகிறார். கல்வராயன் மலையில் உருளுவதற்கு எது தோது என்று யாருமே சொல்லவில்லை. கடைசியில் துருகம் ரோட்டில் தீனதயாளன் கடைக்குப் போனேன். போட்டோக்காரர்களுக்கு வேண்டிய சாமான் எல்லாம் அவரிடம் கிடைக்கும்.

"இது நனையவே நனையாதா?" என்றேன்.

"மழைக்குத் தாங்கும்ணே. ஆத்துல முக்குனா தாங்காது."

"அப்ப முழுசா நம்ப முடியாதுன்னு சொல்லு."

"கேமராவ மாட்டிக்கினு ஆத்துல முங்கி இன்னாண்ணே பண்ணப் போறீங்க? ஜிப்பப் பாருங்க, மேல ரப்பரு ஒட்டிக்கீது. தண்ணி வழுக்கிக்கினு போயிடும். மழை ஜாஸ்தின்னா அடியில ஒரு உறை மடிச்சி வச்சிக்கீது, இழுத்து மாட்டிக்கோங்க."

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பையின் தலையில் ஊற்றினார். நிர்மலா சொல்லும் புத்திமதி என்மேல் ஓடுவதுபோல, தண்ணீர் எங்கும் ஒட்டாமல் உருண்டு ஓடியது. எனக்கு அந்தப் பையை ரொம்பப் பிடித்துவிட்டது.

வீட்டிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்த என் கேமராவை உள்ளே வைத்தேன். எடுத்தேன். வைத்தேன். கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து, சட்டென்று திரும்பி, பையை இழுத்து, கேமராவை உருவிக் கண்ணில் வைத்தேன். தீனதயாளன் கல்லாவுக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

"கலர் இன்னா வேணும்ணே? நீலம் கீது, பச்சை கீது."

"கறுப்பு."

இங்கேதான் என் மூளையைக் கவனிக்க வேண்டும். நிர்மலாவுக்குக் கறுப்பு ஆகாது. கறுப்புப் புடவை, கறுப்புப் பொட்டு, கறுப்புக் குடை எதுவும் எங்கள் வீட்டு வாசற்படி ஏறியதில்லை. பார்த்த உடனே தள்ளிவிடுவாள். நான் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

வீட்டுக்குப் போனேன். நீட்டினேன்.

"நிர்மலா, உனக்குத்தான்."

வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் திரும்ப வாங்கிக்கொள்ளக் கையை நீட்டித் தயாராக நின்றேன்.

"நல்லாருக்குதுங்க" என்றாள்.

கை நீட்டியபடி நின்றது.

"இன்னா?"

"நல்லாருக்குதுன்னேன். எவ்ளோ நாளா ஒரு உருப்படியான பைக்கு அலைஞ்சிக்கினு இருக்கேன் தெரியுமா? வாயத் தொறந்து கேக்கவே இல்ல, வாங்கியாந்துட்டீங்க!"

"கறுப்பும்மா அது. உனக்குக் கறுப்பு புடிக்காதே."

"அழுக்குத் தெரியாது."

"ஒத்தத் தோள்ல மாட்டணும். தோள் எறங்கிடும்."

"ரெண்டு கையும் சும்மா இருக்குது பாருங்க. மார்க்கெட்ல காய் பொறுக்கத் தோதா இருக்கும்."

"பார்க்கறதுக்கு ஆம்பள பை மாதிரி இல்ல?"

"எனக்குன்னு பார்த்துப் பார்த்து வாங்கினவரே நீங்கதானே?"

அதற்கு உண்மையான பதிலைச் சொன்னால் சாய்வு நாற்காலி வரைக்கும் வழக்கு போகும்.

மறுநாள் காலையில் பை மார்க்கெட்டுக்குப் போயிற்று. லென்ஸ் உரசாமல் இருக்க உள்ளே மெத்மெத்தென்று தடுப்பு வைத்திருந்தார்கள் அல்லவா? அதில் முட்டை உட்கார்ந்து வந்தது. பக்கத்துத் தடுப்பில் தக்காளி. ஸ்டாண்டைக் கட்டுவதற்கென்று கீழே இருந்த பெல்ட்டில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. மழை உறையைத் தனியாக உருவி, தலைக்கு மாட்டிக்கொண்டு வந்தாள்.

"ஒரு முட்டை உடையலீங்க! இன்னா பை, இன்னா பை!"

நான் உள்ளே போய்ச் சாய்வு நாற்காலியில் விழுந்தேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எதிர்வீட்டு ராஜாம்பாள், நிர்மலாவின் மகளிர் குழுத் தலைவி, பையைப் பார்க்கவென்றே வீட்டுக்கு வந்தார். தோளில் மாட்டிப் பார்த்தார். கண்ணாடி முன்னால் நின்றார்.

"கேக்காமலே வாங்கியாந்தாரா?" என்றார்.

"கேக்காமலே வாங்கியாந்தாருக்கா" என்றாள் நிர்மலா. அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. கல்யாணத்தன்றுகூட நான் அதைப் பார்த்ததில்லை.

"எங்க வூட்லயும் ஒண்ணு இருக்குதே. கேட்டாலும் வாங்கியாராது." ராஜாம்பாள் பெருமூச்சு விட்டார். அன்று சாயங்காலத்திலிருந்து எங்கள் தெரு ஆண்கள் யாரும் என்னோடு பேசுவதில்லை.

ஐப்பசி பிறந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. அந்த நேரத்தில்தான் நிர்மலா அந்தச் செய்தியைச் சொன்னாள்.

"குழுவுல சாமையும் தேனும் வாங்கறதுக்கு வெள்ளிமலைக்கு வேன்ல போறோங்க. கடைய ஒரு நாள் சாத்திட்டு நீங்களும் வாங்க. கேமராவக் கொண்டாங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மலை! மழை! மேகம்! பையும் கூடவே வருகிறது! போகும் வழியில் பேச்சுக் கொடுத்தே பையைக் கழற்றி வாங்கிவிடலாம்.

வேன் கிளம்பியது. கேமரா வழக்கம்போல் உரச்சாக்கில். பை வழக்கம்போல் நிர்மலா தோளில்.

"பாரமா இருக்கும், இப்படிக் குடு. நான் வச்சிருக்கேன்."

"பாரமே இல்லீங்க. முறுக்கும் சீப்பும்தான் இருக்குது."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஆரம்பித்தேன்.

"இடுப்ப அழுத்தலியா உனக்கு?"

"இல்லீங்க. நீங்க இன்னாத்துக்கு இன்னிக்கி இப்படி விழுந்து விழுந்து கவனிக்கிறீங்க?"

பின் சீட்டில் ராஜாம்பாள் மறுபடி பெருமூச்சு விட்டார்.

மலையில் பாதி ஏறியதும் மழை கொட்டியது. ஒரு வளைவில் டீக்கடையைப் பார்த்து வேனை ஓரங்கட்டினார் டிரைவர். இறங்கி நிமிர்ந்தேன். மேகம் ரோட்டுக்கு இறங்கிவிட்டிருந்தது. மரமில்லை, பள்ளமில்லை, எங்கும் வெள்ளை. மேலே எங்கோ ஹாரன் சத்தம். பஸ்! வெள்ளிமலை பஸ்! வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருக்கிறது!

நான் சாக்கை எடுத்தேன். மழையில் ஊறிய சணல் முடிச்சு கல்லாகியிருந்தது. பல்லால் கடித்தேன். பல்தான் ஆடியது. அவிழ்த்தாலும் இந்தக் கொட்டுகிற மழையில் கேமராவை எதற்குள் வைத்துக்கொண்டு நிற்பது? ஹாரன் பக்கத்தில் வந்துவிட்டது. இன்னொரு வருஷம் காத்திருக்க என்னால் முடியாது. மானம் போனால் போகட்டும்.

"நிர்மலா! அந்தப் பையக் குடு! அது கேமரா பை! எனக்குன்னுதான் வாங்கினேன்! உனக்கு வாங்கல!"

டீக்கடையில் மகளிர் குழு மொத்தமும் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. நிர்மலா மட்டும் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"தெரியுங்க" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"வாங்கியாந்த ரெண்டாம் நாளே, வாரு நீளமா இருக்குதுன்னு வாங்கின கடையிலயே கம்மி பண்ணிக்கப் போனேன். 'அண்ணன் கேமராவ உள்ள வச்சி வச்சி எடுத்து, போலீஸ்காரர் துப்பாக்கி எடுக்கற மாதிரி எடுத்தாரேம்மா, அந்தப் பையா?'ன்னாரு கடைக்காரரு."

"தெரிஞ்சிக்கினேவா அதுல முட்டை வச்ச?"

"டார்ச் லைட்டும்தான் தெரியும். நாற்காலி, ஃபிளாஸ்க்கு எல்லாந்தான் தெரியும். பாவம், மனுசன் ஆசைப்படுறாரேன்னு எனக்கு வேணாம் வேணாம்னு குடுத்துக்கினு வந்தேன். இந்தப் பை எனக்கே புடிச்சிடுச்சிங்க. நான் இன்னா பண்றது?"

ராஜாம்பாளுக்குப் புரையேறியது. இத்தனை வருஷமாக நான் அவளை ஏமாற்றியதாக நினைத்திருந்ததெல்லாம் அவள் எனக்குப் போட்ட பிச்சை!

"சரி, இப்பதான் உண்மைய சொல்லிட்டேனே. பஸ் வருது, நிர்மலா. கேமரா நனைஞ்சிடும்."

"கேமரா நனையக் கூடாது. அவ்ளோதானே?"

"அவ்ளோதான், தாயே."

டம்ளரை வைத்துவிட்டு வந்தாள். கட்டியவளே அவள்தான் என்பதால் முடிச்சு அவளுக்கு ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. முறுக்கை எடுத்து ராஜாம்பாளிடம் கொடுத்தாள். கேமராவைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொண்டாட்டி பொண்டாட்டிதான். மாட்டிவிடட்டும் என்று தோளைச் சாய்த்துக் காட்டினேன்.

அவள் பையோடு ரோட்டுக்கு நடந்தாள்.

நடுரோட்டில் நின்று ஓர் இழு இழுத்தாள். முதுகிலிருந்த பை வயிற்றுக்கு வந்தது. ஜிப் திறந்தது. கேமரா கண்ணுக்குப் போனது. மேகத்துக்குள்ளிருந்து மஞ்சள் விளக்கோடு பஸ் தலையை நீட்டியது.

"நிர்மலா! கேமரா என்னுது!" மழையில் ஓடினேன்.

"முந்தா வருஷக் கல்யாண நாளுக்கு, 'நிர்மலா, உனக்குத்தான்'னு நீங்க வாங்கியாந்தது தானேங்க இது?" கண்ணை எடுக்காமலே சொன்னாள். "அன்னிக்கி வேணாம்னேன். இப்ப வேணும்."

க்ளிக்.

படம் நன்றாகத்தான் வந்திருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். பெரிதாகப் பிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாள். வெள்ளை மேகம், மஞ்சள் விளக்கு, ஓரத்தில் இரண்டு கையையும் நீட்டியபடி தொப்பலாக ஓடிவரும் ஒரு மனிதர். வருகிறவர்கள் எல்லாரும் அவர் யாரென்று கேட்கிறார்கள்.

"யாரோ தெரியலீங்க, குறுக்க வந்துட்டாரு" என்கிறாள்.